முதுகு காட்டாத குன்று

பார்க்காத படிகளுக்காக ஒன்பது வருடம் மன்னிப்புக் கேட்ட ஒருவன் ஒரு நாள் அந்தப் படிகளைப் பார்க்கக் கிளம்பிப் போனான், போன இடத்தில் ஒரு குன்று அவனைத் திரும்பிப் பார்த்தது. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே குளிரடித்தது, எங்கே முழங்கால் வலித்தது, யார் யாரைத் திட்டினார்கள் என்ற விவரங்கள்.

அந்த ஒருவன் நான்தான். பெயர் ஏகாம்பரம், ஊர் திருவண்ணாமலை, வயது ஐம்பத்தாறு. வெளிநாட்டு விடுதிகளில் அறை பிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு, என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி, தங்க வந்தவர்கள் கோபமாக எழுதும் மின்னஞ்சல்களுக்குப் பணிவாகப் பதில் எழுதுவது என் வேலை. அங்கே என் பெயர் ஆலிவர். பாகப்பிரிவினையில் ஒருவனுக்குக் கிணறு விழுவதுபோல எனக்கு லிஸ்பன் நகரம் விழுந்தது. போர்ச்சுக்கல் நாட்டின் அந்தத் தலைநகரம் மேடும் பள்ளமுமான ஊர் என்பதை மற்றவர்களின் மூச்சிரைப்பிலிருந்தே தெரிந்துகொண்டேன். படத்தில் சமதளமாகத் தெரிந்தது, வந்து பார்த்தால் எல்லாம் படி என்று எழுதுவார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் என் கணவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது, நதி தெரியும் என்றீர்கள், பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிகிறது என்று எழுதுவார்கள். "படிகளால் தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று நான் எழுதுவேன். ஒரு நாள் அந்த வரியின் நடுவில் கை நின்றுவிட்டது. மனமார என்கிறேனே, யாருடைய மனம்? அந்தப் படிகள் உண்மையிலேயே இருக்கின்றனவா? இல்லாத படிகளுக்கு இல்லாத ஆலிவர் வருந்துகிறான் என்றால், இங்கே உட்கார்ந்து முதுகு வலிக்கத் தட்டுவது யார்? இப்படிக் கேட்டுக்கொள்வது என் பழைய வியாதி. என் மனைவி வேதவல்லி இதை வாயுத்தொல்லையோடு சேர்த்து வைத்திருந்தாள், இரண்டுக்கும் ஓமத் தண்ணீர்தான் கொடுப்பாள்.

எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று கம்பெனி அறிவித்தபோது மற்றவர்கள் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போனார்கள். நான் இரண்டு மாதத்துக்கு லிஸ்பனில் ஓர் அறை பிடித்தேன். விசா பார்த்தேன், பிப்ரவரியில் குளிர் எவ்வளவு என்று பார்த்தேன், அங்கே அரிசி கிடைக்குமா என்று பார்த்தேன். பௌர்ணமி என்றைக்கு என்று மட்டும் பார்க்கவில்லை.

திருவண்ணாமலைக்காரன் செய்யவே கூடாத தவறு அது. எங்கள் ஊரில் பந்தலுக்குக் கால் நடுவதும் பல் பிடுங்கப் போவதும்கூடப் பௌர்ணமி பார்த்துத்தான், ஏனென்றால் அன்றைக்கு ஊருக்குள் வண்டி நுழையாது, நடக்கிற கால்கள் மட்டுமே நுழையும். அதிலும் எங்கள் வீட்டில் அந்த வருடம் ஒரு வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மகள் நித்திலாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லை. ஒரு வருடம் முழுக்க, ஒரு பௌர்ணமி தவறாமல், நாங்கள் இருவரும் சேர்ந்து மலையைச் சுற்றுவதாக வேதவல்லி வேண்டிக்கொண்டாள். நடுவிலேயே நித்திலா உண்டானாள். இப்போது ஓசூரில் ஆறாம் மாதம், எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டர் படுக்கவைத்திருந்தார். வேண்டுதலில் மீதி இருந்தது ஒரே ஒரு பௌர்ணமி. அது நான் லிஸ்பனில் இருக்கும் நாளில் வந்து உட்கார்ந்திருந்தது, டிக்கெட்டோ மாற்ற முடியாத டிக்கெட்.

நாட்காட்டியைக் கிழிக்கும்போது வேதவல்லிதான் அதைக் கண்டுபிடித்தாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த ஊர்ல மலை இருக்குதா?"

"மலைகளாத்தான் இருக்குதாம். அதுக்குத்தானே தினமும் மன்னிப்புக் கேக்கறேன்."

"அப்ப சரி. மலைன்னா மலைதான். நான் இங்க சுத்தறேன், நீங்க அங்க ஒண்ணைச் சுத்துங்க. ஒரே நேரத்துல சுத்தணும். வெறுங்கால்ல. முழுசா சுத்தணும், முட்டி வலிக்குதுன்னு பாதியில காபி குடிக்க உக்காந்துடாதீங்க."

எதிர்காலம் அவளுக்குத் தெரியும் என்று நான் பலமுறை சந்தேகப்பட்டிருக்கிறேன்.

லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அறை கிடைத்தது அந்த ஏழில் சேராத ஒரு குன்றின் அடிவாரத்தில். அதைச் செவிட்டுக் குன்று என்றார்கள், எந்தத் தேவாலயத்தின் மணியும் அங்கே சரியாகக் காதில் விழாது என்பதால். கோட்டை கிடையாது, ராஜா கிடையாது, படமெடுக்க யாரும் வருவதில்லை. அடியில் ஒரு வட்டச்சாலை, அதற்குமேல் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிற ஓட்டு வீடுகள். தெற்கே தேஜோ என்கிற அகலமான நதி. வடக்கே ஒரு கல்லறைத் தோட்டத்தின் மதில். நான் தங்கியது வடக்கு முகத்தில், பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டில். வீட்டுக்காரி இடலீனா, எல்லோரும் மரியாதையாகத் தோனா இடலீனா என்பார்கள், எழுபது வயது, லண்டன் ஓட்டல்களில் இருபது வருடம் படுக்கை விரித்ததில் ஆங்கிலம் கற்றவள். வெயில் படாத வீடு. அவள் தொங்கவிட்ட துணி காய்வதற்குள் அழுக்காகிவிடும், சுவரில் இருந்த ஈரம் வருடத்துக்கு ஒரு தேசப்படம் வரைந்தது. "இது பிரேசில்" என்று என் கட்டிலின் தலைமாட்டைக் காட்டினாள். "உங்க ஊரும் இங்கதான் எங்கேயோ வரும், பொறுமையா இருங்க."

பௌர்ணமிக்கு மூன்று வாரம் இருந்தது. முழங்காலை நம்ப முடியாததால் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மத்தியானம் வேலையை முடித்துவிட்டு, செருப்பைப் பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு, குன்று வலப்புறம் இருக்கும்படி வட்டச்சாலையில் நடக்கத் தொடங்கினேன். இடலீனா ஜன்னலில் நின்றிருந்தாள்.

"சென்யோர் ஏகா, மேல போற வழி அந்தப் பக்கம் இல்ல."

"மேல போகல. எங்க ஊர்ல மலைமேல கால் வைக்க மாட்டோம். சுத்தி வருவோம்."

"ஏன், ஏற முடியாதா?"

"அது சாமி."

அவள் மேலே வீடுகளையும் ஓடுகளையும் கொடிகளில் தொங்கிய உள்பாவாடைகளையும் ஒருமுறை பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா சாமி தலையிலதான் துணி காயப்போட்டிருக்கோம். அதான் காயல."

அந்தக் குன்றின்மேல் ஃபினீசியர்கள் ஏறியிருக்கிறார்கள், ரோமானியர்கள் ஏறியிருக்கிறார்கள், மூர்கள் ஏறியிருக்கிறார்கள், கழுதையும் கரிவண்டியும் சக்கரம் வைத்த பெட்டிகளும் ஏறியிருக்கின்றன. மூவாயிரம் வருடத்தில் ஒருத்தர்கூட அதை வலம் வந்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தன்னை ஒருவன் சுற்றுகிறான் என்பது புரிந்ததும், தீனி வைக்கிறவன் நடக்கும் பக்கம் மாடு முகத்தைத் திருப்புவதுபோல, குன்று என்னோடு சேர்ந்து திரும்பத் தொடங்கியது. திருகையின் மேல்கல் போல, சாலைக்கு உள்ளே இருந்த குன்று மட்டும், வீடுகளோடும் கொடிகளோடும் ஜன்னலில் நின்ற இடலீனாவோடும், சத்தமில்லாமல் சுழன்றது. எனக்கு அது தெரியவில்லை. வலப்புறம் பச்சைக் கதவு இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோதும் பச்சைக் கதவு இருந்தது, இந்த ஊரில் எல்லோரும் பச்சைதான் அடிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுற்றிலும் இருக்கும் உலகத்தைப் பற்றி யோசிக்கிறவன் பக்கத்திலிருக்கும் கதவைப் பார்ப்பதில்லை.

பாதிச் சுற்றில் நதி வந்தது. நதிக்கரை ஓரமாக, சாலையின் வெளிப்பக்கத்தில், அர்மிந்து என்கிற தொப்பைக்காரர் நடத்தும் காபிக்கடை. முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தேன். காபி குடித்தேன். வேதவல்லி சொன்னது நினைவுக்கு வந்தது, இன்றைக்கு ஒத்திகைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இனி எப்படி வீடுவரை நடப்பது என்று நிமிர்ந்தால், சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் பச்சைக் கதவு, அதன் பக்கத்தில் என் செருப்பு, மேலே ஜன்னலில் இடலீனா, வாய் திறந்தபடி, நதியைப் பார்த்துக்கொண்டு.

"பரவாயில்லையே" என்றார் அர்மிந்து. "தோனா இடலீனா இந்தப் பக்கம் வந்துட்டாங்க. ரொம்ப நாளா பாக்கல."

நான் சாலையைக் கடந்து வீட்டுக்குள் போனேன். இடலீனா கீழே இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என் புருஷன் முப்பது வருஷம் கூட இருந்தான். ஒருநாள் இப்படி என்னைச் சுத்தி வந்ததில்ல. வந்திருந்தா நானும் திரும்பிப் பாத்திருப்பேன். பாவம், மலையும் பொம்பளைதான்."

மறுநாள் காலை குன்றின் மக்கள் எழுந்து, குளிருக்கு முதல்நாளே அடைத்துவைத்த ஜன்னலைத் திறந்து, வேறு காட்சியைக் கண்டு, ஜன்னலை மூடி, காபி போட்டுக்கொண்டு மறுபடி திறந்து, அதே வேறு காட்சி இருப்பதைக் கண்டு, சரி என்று வேலைக்குக் கிளம்பினார்கள். தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்தன, தண்ணீரில் இரண்டு நாள் களிமண் வாசனை வந்தது. வடக்கு முகத்துப் பெண்கள் அலமாரியின் அடியில் ஈரம் கோத்துக் கிடந்த கம்பளிகளையெல்லாம் வெளியே கொண்டுவந்து, பிறந்ததிலிருந்து பார்க்காத வெயிலில் விரித்துப்போட்டு, பக்கத்தில் தாங்களும் உட்கார்ந்துகொண்டார்கள். தபால்காரர் மட்டும் முதல்நாள் திட்டினார். பிறகு நான் நடக்கும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, சாலையில் ஓரிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வீடுகள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வந்து நின்று தபாலை வாங்கிக்கொண்டு போயின.

நட்டப்பட்டவர் ஒருவர்தான். தெற்கு முகத்தில் 'நதிக்காட்சி விடுதி' நடத்திக்கொண்டிருந்த சென்யோர் வால்தெமார். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் ஒரு பட்டுத்துணி கட்டியிருப்பார். அன்றைக்குக் காலை என் கணினியில் வந்த முதல் மின்னஞ்சல் அவருடைய விடுதியிலிருந்துதான். "நேற்று மத்தியானம் நதியைப் பார்த்தபடி தூங்கப் போனேன். கல்லறையைப் பார்த்தபடி எழுந்தேன். இது ஏதாவது செய்தியா?" என்று ஒரு ஜெர்மன் ஓய்வூதியக்காரர் கேட்டிருந்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, நானே செய்த ஒன்றுக்கு நான் வருந்த வேண்டியிருந்தது. மனமார என்று எழுதினேன். கை நிற்கவில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கேட்டுக்கொண்டேன், ஆமாம் போலத்தான் தோன்றியது.

வால்தெமார் பத்து மணிக்கே பச்சைக் கதவைத் தட்டினார்.

"நீங்கதானே அந்த நடக்கிற ஆளு? தயவுசெஞ்சு வந்த வழியே அப்படியே திரும்பிப் போங்க. அரைச் சுத்துதான்."

"வந்த வழியே போக முடியாது. இடமாச் சுத்தற வழக்கம் எங்களுக்கு இல்ல. வலமாத்தான்."

"என்ன வித்தியாசம்?"

"செத்தவங்களுக்குத்தான் இடமா சுத்துவோம்."

அவர் கல்லறை மதிலை நினைத்துக்கொண்டு பட்டுத்துணியைத் தடவினார். "அப்ப வலமாவே போங்க."

போனேன். மீதி அரைச்சுற்றில் குன்று பழைய நிலைக்கு வந்தது. அரைமணி நேரத்தில் வடக்கு முகத்துப் பெண்கள் ஈரக் கம்பளிகளோடு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்காக மறுபடி நடந்தேன். இப்படி ஒரு வாரம் போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அர்மிந்து கடையில் கூட்டம் போட்டார்கள். ஜன்னல் என்பது வீட்டுக்குச் சொந்தமா, அதில் தெரிகிற நதியும் சொந்தமா என்று வெகுநேரம் பேசினார்கள். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவார்கள் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து மத்தியானம் வரை நதி வால்தெமாருக்கு, மத்தியானத்துக்குமேல் வெயிலும் நதியும் வடக்கு முகத்துக்கு என்று முறை வைத்தார்கள். நடந்து கொடுக்க வேண்டியது நான். என் முழங்காலுக்கு ஆளுக்கொரு தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாழ்க்கையில் என்னை இவ்வளவு பேர் எதிர்பார்த்ததில்லை. கூட்டம் என்றால் ஒதுங்குகிறவன் நான், பௌர்ணமியன்று எங்கள் ஊரில் வரும் லட்சக்கணக்கான பேரின் நடுவில் முழங்கை இடிபட்டு நடக்கும்போதெல்லாம், இந்த மலையை ஒரே ஒரு நாள் தனியாகச் சுற்றக் கிடைக்காதா என்று ஏங்கினவன். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது, போனில் வேதவல்லியிடம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். குன்று திரும்பியதைக் கேட்டு அவளும் ஆச்சரியப்படவில்லை. மலைகள் என்ன செய்யும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. அவளுடைய கவலை வேறாக இருந்தது.

"இருங்க. நீங்க நடக்கும்போது அது கூடவே திரும்புதா?"

"ஆமா."

"அப்ப எப்பப் பாத்தாலும் அதே பச்சைக் கதவுதான் தெரியுதா?"

"ஆமா. ரொம்ப மரியாதையான மலை."

"மலையோட முதுகைப் பாத்தீங்களா?"

நான் யோசித்தேன். பார்த்ததில்லை.

"முதுகைப் பாக்காம எப்படிங்க சுத்தினதாகும்? அக்கினியைச் சுத்தறப்ப அக்கினியும் கூடவே திரும்பிக்கிட்டு வந்தா அது கல்யாணமா? நீங்க அது முன்னாடி நின்னுக்கிட்டு இருந்ததாத்தான் கணக்கு. பொண்ணு அங்க மல்லாந்து படுத்துக்கிடக்குறா. கடைசிச் சுத்துங்க இது. செல்லாம போச்சுன்னா?"

அவள் குரல் உடைந்ததை முதல்முறையாகக் கேட்டேன். போனை வைத்தபிறகு சுவரில் பிரேசிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் அதைச் சுற்றினேனா, இல்லை அது என்னை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டதா? வாழ்நாள் முழுக்க ஒரே முகத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றிவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவை வேறென்னென்ன? வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு சோகமான இன்பம் வரும். அன்று வரவில்லை.

குன்றை ஏமாற்ற முயன்றேன். செருப்புப் போட்டுக்கொண்டு யாரோ போல நடந்தேன், திரும்பியது. வால்தெமாரின் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பட்டுத்துணியையும் கட்டிக்கொண்டு நடந்தேன், திரும்பியது, கொஞ்சம் வேகமாகவே. "ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லிப் பாருங்க, கோவத்துல முகத்தைத் திருப்பிக்கும்" என்றார் அர்மிந்து. சாமியை எப்படித் திட்டுவது என்று நான் தயங்கியதால் அவரே திட்டினார். காது கேட்காத குன்று அது.

இடலீனாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். மகளைப் பற்றிச் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இந்தக் குன்று உன்னைப் பாக்காம இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கஷ்டம். அதுக்கு இங்க வேற யாரு இருக்கா பாக்க?"

பௌர்ணமி அன்று சாயங்காலம், நதிக்கு அப்பால் நிலா ஒரு பித்தளைத் தாம்பாளம் போல எழும்பியபோது, அர்மிந்து கடை வாசலில் வெறுங்காலோடு நின்றேன். சட்டைப்பையில் போன். மறுமுனையில் நள்ளிரவு, வேதவல்லி ஏற்கெனவே கிரிவலப் பாதையில் வாயு லிங்கம் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். போனுக்குள் எங்கள் ஊரே இருந்தது, அரோகரா சத்தம், சுக்குக் காபி விற்கிறவன், யாரோ தொலைந்த மாமியாரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவது. நான் சில அடி எடுத்து வைத்தேன். குன்று கூடவே அசைந்தது. நின்றேன். நின்றது.

"என்னங்க, நடக்கிறீங்களா?"

"திரும்புது வேதா."

என்ன செய்வதென்று தெரியாமல், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல் கேட்டேன். "நம்ம மலை மட்டும் ஏன் திரும்பல?"

"அது யார் பக்கம்னு திரும்பும்?" என்று எரிந்து விழுந்தாள். "லட்சம் பேரு சுத்தறோம் இங்க! ஒரு நிமிஷம் நின்னா கால் மேல ஏறிடுவாங்க! எவன் மூஞ்சியைப் பாக்கும் அது?"

முழங்கையால் இடித்த அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் என் வழியை மறித்ததாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர்கள் இல்லாவிட்டால் நான் ஒருமுறைகூடச் சுற்றி முடித்திருக்க மாட்டேன்.

"தோனா இடலீனா!" என்று கத்தினேன். ஜன்னல் திறந்தது. "பாக்கறதுக்கு வேற ஆளு வேணும்! எல்லாரும் வேணும்!"

அவளுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. லண்டனில் ஒரு மாடி முழுக்கத் தூங்குகிறவர்களை எழுப்பிய குரல் அது. கம்பளிப் பெண்கள் இறங்கி வந்தார்கள். தபால்காரர் வந்தார். வால்தெமார் தன் விடுதியில் தங்கியிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார், அதில் அந்த ஜெர்மன்காரரும் இருந்தார், இது அறை வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே. நான் அவர்களை வட்டச்சாலை முழுக்க ஒரே சீராக இல்லாமல், எங்கள் ஊரில் போலவே, இங்கே கும்பலாக, அங்கே ஒற்றையாக, பிரித்துவிட்டேன். எல்லோரும் வலமாக நடக்க வேண்டும், யாரும் நிற்கக்கூடாது, பேசலாம், சாப்பிடலாம், குடும்பச் சண்டை போடலாம், அதெல்லாம் வழக்கம்தான் என்றேன். இடலீனா குனிந்து செருப்பைக் கழற்றினாள். கருங்கல் குளிர் உள்ளங்காலில் ஏறியதும் முகம் கோணியது.

"எனக்குச் சளி பிடிச்சா உன் சாமிமேல கேஸ் போடுவேன்."

"எங்க ஊர்ல ஏற்கெனவே நிறைய கேஸ் இருக்கு."

நடந்தோம். குன்று முதலில் என் பக்கம் அசைந்தது. பிறகு இடலீனாவின் பக்கம். பிறகு வால்தெமார் பக்கம், தபால்காரர் பக்கம், ஜெர்மன்காரர் பக்கம். கல்யாண வீட்டில் எல்லா மாமன்களும் ஒரே நேரத்தில் கைநீட்டிக் கூப்பிட்ட குழந்தைபோல இங்கும் அங்கும் தவித்து, கொடிகளில் துணிகளெல்லாம் ஒருமுறை நடுங்கி, ஓடுகள் கலகலத்து, அப்புறம் சட்டென்று, நின்றுவிட்டது. பச்சைக் கதவு மெல்ல எனக்குப் பின்னால் நழுவிப் போயிற்று. கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தேன், காணோம்.

அதற்கப்புறம் நான் பார்த்ததையெல்லாம் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன், மூன்று வாரம் அதன் மடியிலேயே இருந்தும். ஒரு சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த அத்திமரம். மஞ்சள் விளக்குப் போட்ட ஒரு பள்ளிக்கூடம். நதியைப் பார்த்துக் கட்டிய, இப்போது எதையும் பார்க்காத ஒரு பால்கனி. அப்புறம், குன்றின் முதுகில், நிலா வெளிச்சத்தில், கீழிருந்து உச்சிவரை, நடுவில் தேய்ந்து பளபளத்த கல்படிகள். ஒன்பது வருடமாக நான் வருந்திய படிகள். நிற்கக்கூடாது என்று நானே சொல்லியிருந்ததால் நிற்கவில்லை. நடந்துகொண்டே தலையைத் திருப்பிப் பார்த்தேன், படிகளும் போகப்போகப் பின்னால் போயின. பக்கத்தில் மூச்சிரைக்க வந்த ஜெர்மன்காரர் அவற்றைக் காட்டி, "நிறைய இருக்கு, இல்ல?" என்றார்.

"நிறைய" என்றேன். "வருந்துகிறேன்."

"நீங்க ஏன் வருந்தணும்? நல்லாத்தான் இருக்கு."

முழங்கால் காபிக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் மடங்கிற்று. அர்மிந்து ஒரு பக்கமும் வால்தெமார் ஒரு பக்கமும் கைகொடுத்தார்கள், கடைசித் துண்டை நொண்டிக்கொண்டே முடித்தேன். புறப்பட்ட இடத்தில் வந்து நின்றபோது போனில் வேதவல்லியின் மூச்சு கேட்டது. அவளும் ஈசானிய லிங்கம் தாண்டிக் கோபுரத்துக்கு வந்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"முதுகைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"படி. நிறையப் படி."

அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் யாரையோ பார்த்து, காலை மிதிக்காம போப்பா என்றாள்.

குன்று எல்லோரையும் பார்த்துத் தடுமாறி நின்ற நிலையிலேயே நின்றுபோனது. பச்சைக் கதவு இப்போது மேற்கே பார்க்கிறது, விடுதி கிழக்கே. இடலீனாவுக்குச் சாயங்கால வெயில், வால்தெமாருக்குக் காலை வெயில், நதி இருவருக்குமே ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இருவரும் சரிபாதி குறைபட்டுக்கொண்டதால் ஊர் இதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது. நான் திருவண்ணாமலை வந்து சேர்ந்தபின் அங்கிருந்து ஒரு புகார் வந்தது, நதியைப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டியிருக்கிறது என்று. "ஆமாம், கொஞ்சம் வளைக்க வேண்டும். அருகில் யாராவது இருந்தால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். ஆலிவர் என்று கையெழுத்துப் போட மறந்துவிட்டேன்.

பெண் குழந்தை. வைகாசியில் பிறந்தாள், தாயும் பிள்ளையும் நலம். மூன்றாம் மாதம் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்து கூடத்தில் தொட்டில் கட்டினோம். சம்பந்தி வீட்டார், அத்தைகள், பக்கத்துவீட்டுக்காரர்கள், எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, இங்கே பாருடி, என்னைப் பாருடி என்று கைதட்டினார்கள், விரலைச் சொடுக்கினார்கள், சாவிக்கொத்தை ஆட்டினார்கள். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள், உதடு துடித்தது, அப்புறம் யார் பக்கமும் திரும்பாமல் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தேன். இலைபோடும் சத்தம் கேட்டது. கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். தொட்டில் வலப்புறம் இருக்கும்படி, வெறுங்காலோடு, மெதுவாக நடக்கத் தொடங்கினேன்.

அவள் முகம் கூடவே திரும்பியது.

"ஏங்க, அங்க என்ன சுத்திக்கிட்டு இருக்கீங்க?" என்று வேதவல்லி உள்ளேயிருந்து கத்தினாள். "சாப்பிட வாங்க!"

"வர்றேன்" என்றேன். "இன்னும் முடியல."